இன்ஸ்டால் ஆகிவிட்டது, யாருடைய கணினியில்?

சேலம் கருப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரி லேப். மாணவர் ஒருவர் தான் எழுதிய ஜாவா லைப்ரரியின் ஃபோல்டருக்குள் நின்று 'எம்விஎன் இன்ஸ்டால்' என்று அடிக்கிறார். பச்சை எழுத்தில் 'பில்ட் சக்சஸ்' வருகிறது. ஏற்காட்டில் இருக்கும் கூட்டாளிக்கு, தன் லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் மூன்று வரி டிபென்டன்சியை வாட்ஸப்பில் அனுப்புகிறார். கால் மணி நேரத்தில் பதில் வருகிறது: "டேய், சென்ட்ரல்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லுதுடா." "எனக்கு இன்ஸ்டால் ஆயிடுச்சே?" சென்ட்ரல் என்பது ஜாவா லைப்ரரிகளை எல்லாரும் இறக்கிக்கொள்ளும் பொதுக் கிடங்கு (ரெபாசிட்டரி). இரண்டு பேர் சொல்வதும் சரிதான். குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஜாவா நிரலைக் கட்டும் கருவியான மேவனைப் பொறுத்தவரை 'இன்ஸ்டால்' என்றால், கட்டி முடித்த ஜார் கோப்பையும் (கிளாஸ் கோப்புகளை ஒன்றாக மூட்டிய கட்டு) அதன் பாம் கோப்பையும் (லைப்ரரியின் பெயரும் பில்ட் அமைப்புகளும் எழுதியது) உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் 'டாட் எம்2' என்ற மறைவு ஃபோல்டரில், 'ரெபாசிட்டரி' என்பதன் கீழே நகலெடுத்து வைப்பது. அவ்வளவுதான். ஒரு பைட்டுகூடக் கணினியை விட்டு வெளியே போகாது. வேலிடேட், கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ், வெரிஃபை, இன்ஸ்டால், டிப்ளாய் என்று மேவனின் படிகள் வரிசையாகப் போகும். ஒன்றைக் கேட்டால் அதற்கு முந்தைய எல்லாமும் ஓடும். ஊருக்கு அனுப்பும் படி கடைசியில் நிற்கும் 'டிப்ளாய்'. அதற்கு முன் நிற்கும் எல்லாமே வீட்டு வேலை.

(கமாண்டுகளை இங்கே ஒலிப்பில்தான் எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். மேவனின் கமாண்டுப் பெயர் எம், வி, என் என்ற மூன்றே எழுத்து.)

விளக்கத்துக்கு ஒரு சின்ன லைப்ரரியை எடுத்துக்கொள்வோம்: தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று சொல்ல வேண்டும். 'ஏற்காடு' என்ற சொல்லுக்கு ஜாவாவின் லெங்த் மெத்தட் 7 என்கிறது. நமக்கோ ஏ, ற், கா, டு என்று 4. ஜாவா புள்ளியையும் கால்வாங்கியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'சேலம்' 5 ஆகிறது, நமக்கு 3. இந்த இடைவெளியை அடைப்பதுதான் லைப்ரரியின் வேலை. பெயர் 'எழுத்தெண்ணி' என்று இருக்கட்டும். உள்ளே இருக்கும் நிரல் நூறு வரியைத் தாண்டாது. அதைக் கட்டி அடுத்தவர் கையில் கொடுப்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

முதலில் ஜேடிகே, அதாவது ஜாவா நிரலைக் கம்பைல் செய்யும் கருவித் தொகுப்பு. 'எம்விஎன் ஹைஃபன் வி' அடித்தால் மேவன் எந்த ஜாவாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும். 'ஜாவா' என்று தனியாக அடித்தால் வரும் வெர்ஷனும் இதுவும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. மேவன் பார்ப்பது ஜாவா-ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை. அதில் 'பின்' ஃபோல்டர் வரைக்கும் பாதையைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. பின் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே நிறுத்த வேண்டும். 'நோ கம்பைலர் இஸ் ப்ரொவைடட்' என்று வந்தால் பாதை ஜேஆர்இ-யைக் காட்டுகிறது என்று பொருள். அதில் ஓட்டத்தான் முடியும், கம்பைல் செய்ய முடியாது.

அடுத்தது, எந்த ஜாவாவுக்காகக் கட்டுகிறோம் என்பது. ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தலையிலும் ஒரு எண் இருக்கிறது: ஜாவா 8-க்கு 52, 11-க்கு 55, 17-க்கு 61, 21-க்கு 65. ஜாவா 21-இல் சும்மா கட்டிய ஜாரை 17 இருக்கும் கணினியில் ஓட்டினால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்று விழும். பலர் பாமில் 'சோர்ஸ்', 'டார்கெட்' இரண்டையும் 8 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது அரைகுறை வேலை. அந்த இரண்டும் மொழியின் இலக்கணத்தையும் தலை எண்ணையும்தான் கட்டுப்படுத்தும். எந்த ஜாவாவின் கிளாஸ்களை வைத்துச் சரிபார்க்கிறது என்பதைத் தொடாது.

இது எங்கே கடிக்கும் என்பதற்கு ஜாவாவோடு வரும் பைட்பஃபர் என்ற கிளாஸ் நல்ல சாட்சி. ஜாவா 8-இல் அதன் 'ஃப்ளிப்' மெத்தட் மேல்கிளாஸான பஃபரைத் திருப்பித் தரும். ஜாவா 9-இலிருந்து பைட்பஃபரையே திருப்பித் தரும்படி மாற்றினார்கள். புதிய ஜேடிகே-யில் சோர்ஸ் 8, டார்கெட் 8 என்று கட்டினால் கிளாஸ் கோப்பில் புதிய வடிவம்தான் பதிவாகும். கம்பைல் ஆகும், உங்கள் கணினியில் டெஸ்ட்டும் பாஸ் ஆகும். உண்மையான ஜாவா 8 இருக்கும் இடத்தில் 'நோ சச் மெத்தட் எர்ரர்' என்று முதல் அழைப்பிலேயே செத்துப்போகும். மருந்து ஒரே வரி: சோர்ஸ், டார்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு 'மேவன் டாட் கம்பைலர் டாட் ரிலீஸ்' என்ற ப்ராப்பர்ட்டியில் 8 அல்லது 11 அல்லது 17 என்று எழுதுங்கள். ஜேடிகே 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் இது அந்தந்த வெர்ஷனின் கிளாஸ் பட்டியலையே வைத்துச் சரிபார்க்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை 17.

இனி, தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்கே உரிய தலைவலி: என்கோடிங், அதாவது எழுத்துகளை எந்தப் பைட்டுகளாகச் சேமிப்பது என்ற ஏற்பாடு. நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலானவை இந்திய ஆங்கில அமைப்பில் இருக்கும். அங்கே ஜாவா 17 வரைக்கும் இயல்பான என்கோடிங் விண்டோஸ்-1252. யூடிஎஃப்-8 என்பது இயல்பாக ஆனது 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18-இல்தான். டெஸ்ட் கோப்பில் 'ஏற்காடு' என்று யூடிஎஃப்-8-இல் சேமித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், மொத்தம் 21. கம்பைலர் அதை 1252 என்று நினைத்துப் படிக்கிறது. அந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி என்ற பதினாறடிமான எண்கள். இப்போது பாருங்கள்: 'ஏ' என்ற எழுத்தின் கடைசி பைட் 8எஃப். புள்ளியின் கடைசி பைட் 8டி. உகரக் குறியின் கடைசி பைட் 81. ஒரே சொல்லில் ஐந்து காலிக் கட்டங்களில் மூன்று மாட்டிக்கொள்கின்றன. 'அன்மேப்பபிள் கேரக்டர்' என்று மூன்று எர்ரர் வரும்.

எர்ரர் வந்தால் அது நல்ல காலம். 'மலை' என்று எழுதிப் பாருங்கள். ம, ல, ஐகாரக் குறி மூன்றின் ஒன்பது பைட்டும் அட்டவணையில் எங்கேயோ ஒரு லத்தீன் குறிக்குப் பொருந்திவிடுகின்றன. கம்பைலர் வாயே திறக்காது. ஜாருக்குள் 'மலை' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது குப்பைக் குறிகள் உட்கார்ந்திருக்கும். லெங்த் 3-க்குப் பதில் 9. டெஸ்ட் கோப்பும் அதே தப்பான என்கோடிங்கில் கம்பைல் ஆனதால், இரண்டு குப்பையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், சமமா என்று கேட்கும் டெஸ்ட்டுகள் பாஸ் ஆகிவிடும். லினக்ஸில் கட்டினால் சரி, விண்டோஸில் கட்டினால் தப்பு என்று ஒரே நிரல் இரண்டு விதமாக நடக்கும். பாமில் 'ப்ராஜெக்ட் டாட் பில்ட் டாட் சோர்ஸ் என்கோடிங்' என்ற ப்ராப்பர்ட்டிக்கு யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் தீர்ந்தது. மேவனைப் போன்ற இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் ஒவ்வொரு ஜாவா கம்பைல் டாஸ்க்கின் ஆப்ஷன்ஸிலும் என்கோடிங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'ப்ளாட்ஃபார்ம் என்கோடிங் பயன்படுகிறது, பில்ட் கணினியைச் சார்ந்திருக்கிறது' என்ற பொருளில் மேவன் மஞ்சளில் ஒரு எச்சரிக்கை காட்டும். மஞ்சள்தானே என்று தாண்டிப் போகாதீர்கள்.

கூடவே ஒன்று. 'கொலுசு' என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. லெங்த் ஒன்றில் 6, இன்னொன்றில் 7. சேலம் செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் பில்லில் தேடும்போது பாதிக் கொலுசு கிடைக்காமல் போவது இதனால்தான். ஜாவாவின் நார்மலைசரில் என்எஃப்சி என்ற ஒரே குறி வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள். இரண்டு வடிவத்துக்கும் டெஸ்ட் எழுதுங்கள். டெஸ்ட்டில் இரண்டு குறி வடிவத்தை நேரடியாகத் தட்டாமல் யூனிகோட் எண்ணாகக் கொடுப்பது உத்தமம். எடிட்டர்கள் சில நேரம் தாங்களாகவே சேர்த்துவிடும்.

இப்போது பெயர். மேவனில் ஒரு லைப்ரரிக்கு மூன்று அடையாளம்: குரூப் ஐடி, ஆர்டிஃபேக்ட் ஐடி, வெர்ஷன். மூன்றும் சேர்ந்ததுதான் முகவரி, டாட் எம்2-க்குள் இருக்கும் ஃபோல்டர் அடுக்கும் அதேதான். குரூப் ஐடியைக் கடைசியில் யோசிக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அதுதான் முதலில் முடிவாக வேண்டியது, ஏனென்றால் சென்ட்ரலில் உங்களுக்குச் சொந்தம் என்று காட்ட முடிந்த பெயரை மட்டுமே பயன்படுத்தலாம். சொந்த டொமைன் இருந்தால் அதைத் திருப்பிப் போட்டது. இல்லாவிட்டால் 'ஐஓ டாட் கிட்ஹப் டாட்' என்று தொடங்கி உங்கள் கிட்ஹப் பயனர் பெயர். 'காம் டாட் கிட்ஹப்' என்பதை 2021-லிருந்து சென்ட்ரல் புதியவர்களுக்குத் தருவதில்லை. கல்லூரியின் டொமைனை எடுத்துப் போடுவதும் வேண்டாம். படிப்பு முடிந்த பிறகு அந்த டொமைனில் ஒரு பதிவைச் சேர்க்கச் சொல்லி யாரிடம் போய் நிற்பது?

வெர்ஷனில் 'ஸ்னாப்ஷாட்' என்ற வால் இருந்தால், இன்னும் வேலை நடக்கிறது, நாளைக்கு மாறலாம் என்று அர்த்தம். வால் இல்லாவிட்டால் அது கல்லில் எழுதியது. 1.0.0 என்று ஒருவர் கையில் கொடுத்த பிறகு அதே எண்ணில் வேறொரு ஜாரைக் கொடுக்கக் கூடாது. மேவன் வால் இல்லாத வெர்ஷனை ஒருமுறை இறக்கினால் மறுபடி போய்ப் பார்க்கவே பார்க்காது. நீங்கள் திருத்தியது அவருக்குப் போய்ச் சேராது. "நான் சரி பண்ணிட்டேனே" என்று இங்கேயும், "இன்னும் அதே எர்ரர்தான்" என்று அங்கேயுமாகப் பொழுது போகும்.

லேப் ப்ராஜெக்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு பழக்கம், 'லிப்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் ஜார்களைக் கொட்டி, பாமில் 'சிஸ்டம்' ஸ்கோப் கொடுத்துப் பாதையைக் கைகாட்டுவது. உங்கள் மேசையில் ஓடும். லைப்ரரியை வேறொருவர் பயன்படுத்தும்போது அந்தப் பாதை அவர் கணினியில் எங்கே இருக்கும்? 'இன்ஸ்டால் ஃபைல்' என்ற கட்டளையால் ஒரு ஜாரைக் கையால் டாட் எம்2-க்குள் போடுவதும் இதே கதைதான். கோப்பின் பாதை, குரூப், ஆர்டிஃபேக்ட், வெர்ஷன், பேக்கேஜிங் என்று ஐந்தையும் கொடுத்தால் அழகாகப் போய் உட்காரும், ஆனால் அந்த ஒரு கணினியில் மட்டும். லைப்ரரி எழுதுகிறவருக்கு ஒரே விதி: உங்கள் டிபென்டன்சி எல்லாமே பொது ரெபாசிட்டரியில் இருக்க வேண்டும். இல்லாத ஒன்று வேண்டுமென்றால், லைசென்ஸ் இடம் கொடுக்கும் பட்சத்தில், அதன் நிரலையே உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு மலை ஏறிவிட்டால் கதை வேறு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே எஸ்டேட் பக்கம் போனால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கோடு சிக்னல், அதுவும் மேகம் இறங்கினால் போச்சு. அங்கே மேவன் செய்யும் முதல் கூத்து: டிபென்டன்சியைக் கேட்டு, நெட் அறுந்து, கிடைக்கவில்லை என்று எழுதிவைத்துக்கொள்கிறது. ஆர்டிஃபேக்ட் ஃபோல்டருக்குள் 'லாஸ்ட் அப்டேட்டட்' என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். அது இருக்கும்வரை, சிக்னல் திரும்பி வந்த பிறகும், 'முன்பு தோற்றதை நினைவில் வைத்திருக்கிறேன், இப்போதைக்கு மறுபடி முயல மாட்டேன்' என்று அடம்பிடிக்கும். இயல்பான இடைவெளி ஒரு நாள். 'எம்விஎன்' உடன் ஹைஃபன் போட்டுப் பெரிய யு சேர்த்தால் உடனே மறுபடி கேட்கும். பாதியில் அறுந்து அரைகுறையாக இறங்கிய ஜார் என்றால் 'இன்வேலிட் எல்ஓசி ஹெடர்' அல்லது ஜிப் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வரும். அதற்கு மொத்த டாட் எம்2-ஐயும் அழிக்கத் தேவையில்லை. எர்ரரில் காட்டும் அந்த ஒரு வெர்ஷன் ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். மொத்தமாக அழித்துவிட்டு அந்த ஒரு கோட்டு சிக்னலில் எல்லா ப்ளகினையும் மறுபடி இறக்க உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

அதனால் கீழேயே தயார் செய்துகொண்டு ஏறுவது புத்திசாலித்தனம். இதற்கு 'டிபென்டன்சி கோலன் கோ-ஆஃப்லைன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை நம்பி ஏறினால் டெஸ்ட் ஓட்டும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். டெஸ்ட்டை ஓட்டும் ஷூர்ஃபயர் ப்ளகின், டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட்டின் எந்த வெர்ஷன் என்று பார்த்துத் தனக்கு வேண்டிய துண்டை ஓடும் நேரத்தில்தான் இறக்குகிறது. கோ-ஆஃப்லைன் அதை முன்கூட்டிப் பிடிப்பதில்லை. நம்பகமான வழி: நெட் இருக்கும்போது, தனியாக ஒரு காலி ஃபோல்டரை 'மேவன் டாட் ரெப்போ டாட் லோக்கல்' என்ற அமைப்பில் ஹைஃபன் டி போட்டுக் கொடுத்து, 'கிளீன் வெரிஃபை' முழுதாக ஒருமுறை ஓட்டுங்கள். தேவையானது எல்லாம், தேவையானது மட்டும், அந்த ஃபோல்டரில் சேர்ந்திருக்கும். அதைப் பென் டிரைவில் போட்டு மேலே கொண்டுபோய், அதே அமைப்பைக் கொடுத்து, சிறிய ஓ சேர்த்து ஆஃப்லைனில் ஓட்டலாம். ஒரு பொறி இருக்கிறது: ஒவ்வொரு ஃபோல்டரிலும் அடிக்கோட்டில் தொடங்கும் 'ரிமோட் டாட் ரெபாசிட்டரீஸ்' என்ற கோப்பு, எந்த ரெபாசிட்டரி ஐடியிலிருந்து வந்தது என்று குறித்து வைத்திருக்கும். கீழே லேபில் 'காலேஜ்-மிரர்' என்ற ஐடியில் இறக்கி, மேலே வெறும் 'சென்ட்ரல்' என்ற அமைப்பில் ஓட்டினால், ஜார் கண்ணெதிரே இருக்கும்போதே இல்லை என்று சாதிக்கும். ஐடியை ஒரே மாதிரி வையுங்கள், அல்லது அந்தக் குறிப்புக் கோப்புகளை அழித்துவிடுங்கள்.

லேப் பக்கம் வேறு தொந்தரவு. கல்லூரி ஃபயர்வால் ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் இடங்களில் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்று வரும். பிரவுசர் வேலை செய்யும், மேவன் செய்யாது. காரணம், ஜாவா தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தனியாக 'சிஏசர்ட்ஸ்' என்ற கோப்பில் வைத்திருக்கிறது. லேப் நிர்வாகியிடம் ஃபயர்வாலின் ரூட் சான்றிதழை வாங்கி, 'கீடூல்' கொண்டு அதில் சேர்க்க வேண்டும். இயல்பான பாஸ்வேர்டு 'சேஞ்ச்இட்'. ஜேடிகே-யை மாற்றினால் மறுபடி சேர்க்க வேண்டும், அதை மறந்துவிட்டுத்தான் புது ஜேடிகே கெட்டுவிட்டது என்கிறார்கள். அறுபது கணினியும் தனித்தனியாக சென்ட்ரலுக்கு ஓடுவதற்குப் பதில், ஒரு கணினியில் நெக்ஸஸ் போன்ற ப்ராக்ஸி ரெபாசிட்டரியை ஏற்றி, மற்றவற்றின் செட்டிங்ஸ் கோப்பில் மிரராகக் காட்டிவிட்டால் ஒருமுறை இறங்கியது எல்லாருக்கும் போதும்.

பழைய டுடோரியல்களில் ரெபாசிட்டரி முகவரி வெறும் ஹெச்டிடிபி என்று இருக்கும். 2020 ஜனவரி 15 முதல் சென்ட்ரல் அதற்கு 501 என்ற பதிலைத்தான் தருகிறது. மேவன் 3.8.1-லிருந்து மேவனே அந்த மாதிரி முகவரிகளைத் தடுத்துவிடுகிறது. 'ஜேசென்டர்' என்று கண்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 2021-இல் அதன் தாய்வீடான பின்ட்ரே மூடப்பட்டது. 2024 ஆகஸ்ட்டிலிருந்து ஜேசென்டர் முகவரி சென்ட்ரலுக்கே திருப்பி அனுப்புகிறது.

கிரேடில் பக்கம் வருவோம். அங்கே 'மேவன்-பப்ளிஷ்' ப்ளகினைச் சேர்த்து 'பப்ளிஷ் டு மேவன் லோக்கல்' என்று ஓட்டினால் அதே டாட் எம்2-க்குள் போகும். ஆனால் கிரேடில் தானாக அங்கே தேடாது. ரெபாசிட்டரி பட்டியலில் 'மேவன்லோக்கல்' என்று சேர்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடவும். அது இருக்கும்வரை உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறீர்களா என்பதே தெரியாது. பழைய 'மேவன்' ப்ளகின் கிரேடில் 7-இல் நீக்கப்பட்டுவிட்டது.

கிரேடிலில் லைப்ரரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது 'ஏபிஐ', 'இம்ப்ளிமென்டேஷன்' வித்தியாசம். உங்கள் பொது மெத்தட் ஒன்று இன்னொரு லைப்ரரியின் கிளாஸைத் திருப்பித் தந்தால் அது 'ஏபிஐ'. உள்ளுக்குள் மட்டும் பயன்பட்டால் 'இம்ப்ளிமென்டேஷன்'. பாமாக வெளிவரும்போது முதலாவது 'கம்பைல்' ஸ்கோப்பாகவும், இரண்டாவது 'ரன்டைம்' ஸ்கோப்பாகவும் மாறும். மாற்றிப் போட்டால் உங்கள் டெஸ்ட்டுகள் எல்லாம் பாஸ் ஆகும். பயன்படுத்துகிறவருக்கு மட்டும் 'கிளாஸ் ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று கம்பைல் எர்ரர் வரும். ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன் மோதும்போதும் இரண்டு கருவிகளும் இரண்டு விதமாக முடிவெடுக்கின்றன: மேவன் மரத்தில் கிட்டே இருப்பதை எடுக்கும், கிரேடில் எண்ணில் பெரியதை எடுக்கும். உங்கள் லைப்ரரி மேவனில் விழுந்து கிரேடிலில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் 'டிபென்டன்சி கோலன் ட்ரீ' போட்டுப் பாருங்கள்.

ராப்பரைப் பற்றி, அதாவது ப்ராஜெக்டோடு கூடவே போய்ச் சரியான கிரேடிலை இறக்கி ஓட்டும் ஸ்கிரிப்டைப் பற்றி, இரண்டு வரி. கிரேடில் ராப்பரின் குட்டி ஜார் கிட்டில் (நிரலின் மாற்றங்களைக் குறித்து வைக்கும் கருவி) ஏறியிருக்க வேண்டும். 'ஜார் எல்லாம் வேண்டாம்' என்று கிட்-இக்னோரில் எழுதி வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்துத் தொலைத்துவிடுகிறார்கள். இறக்குகிறவருக்கு 'கிரேடில் ராப்பர் மெயின்' கிடைக்கவில்லை என்று வரும். விண்டோஸிலிருந்து ஏற்றினால் ராப்பர் ஸ்கிரிப்டுக்கு ஓடும் அனுமதி இருக்காது, லினக்ஸில் 'பெர்மிஷன் டினைட்' வரும். கிட்டின் 'அப்டேட்-இண்டெக்ஸ்' கட்டளையில் சிஹெச்மாட் ப்ளஸ் எக்ஸ் கொடுத்து ஒருமுறை சரிசெய்தால் போதும்.

பகிர்வதற்கு எளிதான வழி ஜிட்பேக். கிட்ஹப்பில் ஒரு டேக் போட்டால், யாராவது கேட்கும்போது அதுவே கட்டிக் கொடுக்கும். இரண்டு பேர் நண்பர்களுக்குப் போதும். ஆனால் பயன்படுத்துகிறவர் ஜிட்பேக் ரெபாசிட்டரியைத் தன் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். கிட்ஹப் பேக்கேஜஸும் இருக்கிறது. பொதுவில் வைத்த மேவன் பேக்கேஜை இறக்கக்கூட அங்கே டோக்கன் கேட்கும். கட்டற்ற மென்பொருளுக்கு அது ஒத்துவராது என்பது என் எண்ணம். ஒரு வரி டிபென்டன்சியில் எல்லாருக்கும் வேலை முடிய வேண்டுமானால் சென்ட்ரல்தான்.

சென்ட்ரலுக்குப் போகும் பழைய பாதை, ஓஎஸ்எஸ்ஆர்ஹெச் என்பது, 2025 ஜூன் 30-உடன் மூடப்பட்டது. ஜிரா டிக்கெட் போடுங்கள், ஸ்டேஜிங்கை மூடுங்கள் என்று சொல்லும் டுடோரியல் எதுவாக இருந்தாலும் காலாவதி. இப்போது சென்ட்ரல் போர்ட்டல். கிட்ஹப் கணக்கால் உள்ளே நுழைந்தால் 'ஐஓ டாட் கிட்ஹப்' பெயர்வெளி தானாகவே உங்களுடையதாகிவிடும். சொந்த டொமைன் என்றால் போர்ட்டல் தரும் சரத்தை டிஎன்எஸ்-இல் டிஎக்ஸ்டி பதிவாகச் சேர்க்க வேண்டும்.

பாமில் பெயர், விளக்கம், முகவரி, லைசென்ஸ், டெவலப்பர், எஸ்சிஎம் (நிரல் இருக்கும் இடம்) என்ற ஆறு பகுதியும் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடும். லைசென்ஸைப் பாமில் எழுதினால் மட்டும் போதாது, முழுப் பாடத்தையும் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் ஜாருக்குள்ளேயே வையுங்கள். ஜார் தனியாகத்தான் ஊர் சுற்றப் போகிறது. எழுத்தெண்ணி மாதிரி சின்ன லைப்ரரிக்கு எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 போதும். ஜிபிஎல் போட்டால் சேர்த்துக்கொள்ளும் மொத்த மென்பொருளுக்கும் அதன் நிபந்தனைகள் போகும். தெரிந்தே போடுவதென்றால் போடுங்கள்.

முக்கிய ஜாருடன் சோர்ஸ் ஜாரும், கமென்டுகளிலிருந்து உருவாகும் விளக்கப் பக்கங்களான ஜாவாடாக் ஜாரும் வேண்டும். இங்கே பலர் விழுவது ஜாவாடாக்கில். ஜாவா 8-லிருந்து கமென்டில் இருக்கும் ஹெச்டிஎம்எல் பிழைகளை அது எர்ரராகவே எடுத்துக்கொள்கிறது. 'லிஸ்ட்' என்று எழுதி அதன் பக்கத்தில் கோண அடைப்புக்குறிக்குள் 'ஸ்ட்ரிங்' என்று போட்டால், தெரியாத டேக் என்று நிற்கும். அந்த மாதிரி இடங்களைச் சுருள் அடைப்புக்குள் 'அட் கோட்' என்று சுற்றுங்கள். டாக்லின்ட் என்ற அந்தச் சோதனையை அணைத்துவிட்டு ஓடுவது சுலபம்தான், படிக்கிறவருக்குத்தான் உடைந்த பக்கம் போய்ச் சேரும்.

அடுத்து ஜிபிஜி கையெழுத்து, கோப்பு உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்ட. சாவி உருவாக்கி, பொதுச் சாவியை, சாவிகளை எல்லாரும் தேடி எடுக்கும் கீசர்வருக்கு அனுப்ப வேண்டும். உபுண்டு கீசர்வர், ஓபன்பிஜிபி கீசர்வர் இரண்டையும் சென்ட்ரல் பார்க்கிறது. ஓபன்பிஜிபி-யில் மின்னஞ்சலைச் சரிபார்க்காத வரை உங்கள் பெயரைச் சாவியோடு காட்டாது, மறக்காமல் அந்த லிங்க்கை அழுத்துங்கள். லேப் நெட்டில் 11371 என்ற போர்ட் அடைத்திருந்தால் சாவி போகாமல் நிற்கலாம், அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். 'இன்அப்ரோப்ரியேட் ஐஓக்டில்' என்று கையெழுத்து தோற்றால் டெர்மினல் எது என்று ஜிபிஜிக்குத் தெரியவில்லை. ஜிபிஜி-டிடிஒய் என்ற வேரியபிளில் 'டிடிஒய்' கட்டளை தரும் பதிலைப் போட்டால் பாஸ்வேர்டு கேட்கத் தொடங்கும். கையெழுத்துப் போடும் ப்ளகினைத் தனி ப்ரொஃபைலில் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் நிரலைச் சும்மா கட்டிப் பார்க்க வந்தவரிடமும் சாவி கேட்டு நிற்கும்.

போர்ட்டலில் டோக்கன் ஒன்று உருவாக்கி, டாட் எம்2-இல் உள்ள செட்டிங்ஸ் கோப்பில் 'சர்வர்' பகுதியில் போடவும். அந்த ஐடியும் பாமில் சென்ட்ரல்-பப்ளிஷிங் ப்ளகினில் கொடுக்கும் ஐடியும் ஒரெழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். 401 என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். டோக்கனைப் பாமிலேயே எழுதிக் கிட்டில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்றிவிட்டால் அழித்துப் பயனில்லை, டோக்கனையே ரத்து செய்யுங்கள். 'டிப்ளாய்' ஓடியதும் எல்லாம் ஒரு கட்டாகப் போய்ச் சேரும், போர்ட்டல் சரிபார்க்கும். தானாக வெளியிடும் அமைப்பை முதல் சில முறைக்கு அணைத்தே வையுங்கள். 'வேலிடேட்டட்' என்று நின்றதும் கட்டுக்குள் இருப்பதைக் கோப்பு கோப்பாகப் பாருங்கள். 'பப்ளிஷ்' பொத்தானை அழுத்திய பிறகு திருத்தவோ நீக்கவோ முடியாது. தப்பு இருந்தால் அடுத்த எண்ணில் புதிதாக விட வேண்டியதுதான்.

அதனால் அந்தப் பொத்தானுக்கு முன்னால் ஒரு சோதனை. லைப்ரரியின் ஃபோல்டருக்கு வெளியே, ஒரே ஒரு கிளாஸ் மட்டும் உள்ள தனி ப்ராஜெக்ட் ஒன்று செய்யுங்கள். அதில் 'ஏற்காடு', 'மலை', இரண்டு வடிவ 'கொலுசு' எல்லாவற்றையும் எண்ணச் சொல்லுங்கள். 'மேவன் டாட் ரெப்போ டாட் லோக்கல்' அமைப்பில் ஒரு காலி ஃபோல்டரைக் கொடுங்கள். அதே காலி ஃபோல்டருக்குள் முதலில் உங்கள் லைப்ரரியை 'இன்ஸ்டால்' செய்து, பிறகு இந்தக் குட்டி ப்ராஜெக்டை ஓட்டுங்கள். முடிந்தால் விண்டோஸில் ஒருமுறை, லினக்ஸில் ஒருமுறை. 4, 2, 3, 3 என்று வந்தால் அழுத்தலாம். வெளியான பிறகு ஃபோல்டரை மறுபடி காலி செய்து, இம்முறை லைப்ரரியைக் கட்டாமல், குட்டி ப்ராஜெக்டை மட்டும் ஓட்டுங்கள். போர்ட்டலின் தேடல் பக்கத்தில் பெயர் வரச் சற்று நேரம் ஆகும், ஜார் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். டெர்மினலில் 'டவுன்லோடட் ஃப்ரம் சென்ட்ரல்' என்ற வரியில் உங்கள் லைப்ரரியின் பெயர் தெரிந்ததும் ஏற்காட்டுக் கூட்டாளிக்கு அந்த மூன்று வரியை மறுபடி அனுப்புங்கள். கூடவே, பெரிய யு போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அவருடைய மேவன் பழைய தோல்வியை இன்னும் குறித்து வைத்திருக்கும்.